பாதம் பார்க்கும் சகோதரிகளுக்கு

கிராமங்களிலும் நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் வீடு வீடாகச் சென்று, சர்க்கரை வியாதியால் வந்த கால்புண்ணையும், தொழுநோய் விட்டுச் சென்ற குழிப்புண்ணையும், தீப்பட்ட வடுவின்மேல் மீண்டும் மீண்டும் வெடிக்கும் ரணத்தையும் கழுவித் துடைத்துக் கட்டுக் கட்டிவரும் செவிலியச் சகோதரிகளுக்கும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் மருந்துப் பையுடன் தெருத் தெருவாக நடக்கும் சுகாதாரத் தன்னார்வப் பெண்களுக்கும் இதை எழுதுகிறேன்.

நெடுங்காலம் தோல் மருத்துவத் துறையில் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். சக வைத்தியர்களுக்கு எழுதவேண்டிய விஷயத்தை உங்களுக்கு எழுதுவானேன் என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் அறையில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷங்களில் அவர் செருப்பைக் கழற்றுவதில்லை, கழற்றச் சொல்லுவாரும் அநேகமாக இல்லை. நீங்களோ திண்ணையிலோ வெறுந்தரையிலோ அமர்ந்து, முதியவர் ஒருவரின் பாதத்தை மடியருகே வைத்துக்கொண்டு, பழைய கட்டை அவிழ்த்துப் புதிய கட்டைக் கட்டி முடிக்கும் வரையில் அந்தப் பாதத்தைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. அதே பாதத்தை அடுத்த வாரமும் பார்க்கிறீர்கள், அடுத்த மாதமும் பார்க்கிறீர்கள். ஒன்று மாறிவருகிறது என்பதை அறிவதற்கு, அதை ஒரே ஒரு முறை உற்று நோக்கும் நிபுணரைக் காட்டிலும் பல முறை பார்த்துப் பழகியவரே தகுதி வாய்ந்தவர் என்பது என் அபிப்பிராயம். தோலில் தோன்றும் புற்றுநோயை இனங் காணும் வித்தையும் பெரும்பாலும் மாறுதலைக் கண்டுகொள்ளும் வித்தைதான்.

‘தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி; கறுத்த தேகமுடைய நமக்கு அது வராது’ என்பது, படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி, நம்மவரிடையே வேரூன்றிப்போன ஓர் எண்ணம். அதில் பாதி உண்மையாக இருப்பதுதான் அதன் ஆபத்து. மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்கும் அணுக்கள் வெள்ளையர் தோலிலும் நம் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. ஆயினும் நம் தோலில் அவை உண்டாக்கும் நிறத் துகள்கள் பருத்தும் மிகுந்தும் மேல்தோல் முழுவதும் பரவியும் நின்று, சூரிய கிரணங்களிலுள்ள புற ஊதாக் கதிர்கள் உட்புகுந்து அணுக்களின் மரபுப் பொருளைச் சிதைத்துவிடாதபடி பெருமளவு தடுத்துவிடுகின்றன. ஆகவே, ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பிய வம்சத்தவருக்கு முகத்திலும் முதுகிலும் வெயிலால் வரும் புற்று நமக்கு அவ்வளவாக வருவதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் வெயில் ஒன்றே இந்நோய்க்குக் காரணம் அன்று. நம்மிடையே அது வெயில் படாத உள்ளங்காலிலும், நகத்தின் அடியிலும், வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும், என்றோ பட்ட தீக்காயத்தின் வடுவிலும், இடுப்புக் கயிறு அழுத்தும் தடத்திலும் வந்து அமர்கிறது. ‘நமக்கு வராது’ என்ற நம்பிக்கையினால் அந்த இடங்களை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கும் காலத்தில் நோய் முற்றியிருக்கிறது. கறுத்த தோலினரிடையே இந்நோய் அருகியே வந்தாலும், வந்தவர்கள் பிழைப்பது கடினமாக இருப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்தத் தாமதமே.

இத்தாமதத்துக்கு நம் பாட நூல்களும் ஓரளவு பொறுப்பு. மருத்துவக் கல்லூரிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஆங்கில நூல்களின் வர்ணப் படங்கள் பெரும்பாலும் வெளிறிய தோலையே காட்டுகின்றன. ‘சிவந்து காணும்’ என்று அவற்றில் எழுதியிருப்பது நம் தோலில் சிவப்பாகத் தெரியாமல் ஊதா கலந்த பழுப்பாகவோ, சாம்பல் பூத்த கருமையாகவோ தெரியும். சிவப்பைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு நம் நோயாளியின் காலில் ஒன்றும் அகப்படாது. நிறத்தை மாத்திரம் நம்பாமல் விரலால் தொட்டுப் பாருங்கள். தடிப்பும் கடினமும் சொரசொரப்பும் எந்த நிறத்துத் தோலிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனித் தோலின் அமைப்பு. மேல்தோலின் அடித்தளத்தில் இடைவிடாமல் பெருகிக்கொண்டிருக்கும் அடியணுக்கள் இருக்கின்றன. அவை மேலே எழும்ப எழும்பத் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இறுதியில் நாம் குளிக்கும்போது அழுக்கென்று தேய்த்துத் தள்ளும் செதில்களாகின்றன. அடியணுக்களின் இடையிடையே நிறத்தை உண்டாக்கும் அணுக்கள் அமர்ந்திருக்கின்றன. புற்று இம்மூன்றில் எதிலே பிறந்தது என்பதைப் பொறுத்து அதன் தோற்றமும் வேகமும் குணமும் வேறுபடும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் பேஸல் செல், ஸ்குவாமஸ் செல், மெலனோமா என்று இவற்றை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேறு சில அபூர்வ வகைகளும் உண்டு. அவை ஆய்வுக்கூடத்துக்காரர்களின் கவலை.

அடியணுவில் பிறக்கும் பேஸல் செல் புற்றைப்பற்றி நீண்டு பேசவேண்டியதில்லை. டப்ளின் நகரத்து வைத்தியரான ஆர்தர் ஜேக்கப் 1827-இல் கண்ணிமைகளைக் கரைத்துத் தின்னும் ஒரு விசித்திரப் புண்ணை விவரித்த நாள்முதல் மருத்துவ உலகுக்குப் பரிச்சயமானது இது. முகமே இதன் விருப்பமான இடம். அதிலும் மூக்கு, கண்ணின் உள்மூலை, கன்னத்தின் மேற்பகுதி. வெளிறிய தோலில் இது பளபளப்பான சிறு மணியாகத் தோன்றும் என்பார்கள். நம் தோலிலோ அநேகமாகக் கறுத்து, மினுமினுத்து, பார்ப்பவருக்கு வயதான காலத்தில் புதிதாக முளைத்த மச்சம் என்ற எண்ணத்தையே உண்டாக்கும். நாளடைவில் நடுப்பகுதி குழிந்து, ஓரம் மட்டும் மடித்துச் சுருட்டினாற்போல் எழும்பி நிற்கும். முகம் துடைக்கும்போது துளி ரத்தம் கசியும், பொருக்குக் கட்டும், பொருக்கு விழும், ஆறிவிட்டது என்று நினைக்கும் தருணத்தில் மறுபடியும் கசியும். உடலின் வேறு பாகங்களுக்கு இது பரவுவது மிக மிக அரிது. ஆயினும் இருந்த இடத்தைச் சும்மா விடுவதில்லை. கவனிப்பாரற்று வருஷக்கணக்கில் விடப்பட்டால் மூக்கையும் இமையையும் எலும்பையும்கூட அரித்துவிடும். வயலிலும் சாலைப் பணியிலும் ஆயுள் முழுவதும் உழைத்த கிழவர் ஒருவரின் மூக்கோரத்தில் ‘வந்து வந்து போகும்’ ஒரு சிறு புண் இருக்குமானால், வந்து வந்து போவதே அதன் அடையாளம் என்று கொள்ளுங்கள்.

இரண்டாவதான ஸ்குவாமஸ் செல் புற்றே உங்கள் கையில் அன்றாடம் அகப்படக்கூடியது. அதனால் அதைப்பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வெயில் பட்டுக் காய்ந்த கீழ் உதட்டிலும் காதுமடலிலும் புறங்கையிலும் இது வருவதுண்டு. ஆனால் நம் நாட்டில் இதன் கதை பெரும்பாலும் ஒரு பழைய புண்ணிலிருந்தே ஆரம்பமாகிறது. பிரெஞ்சு ரண வைத்தியரான ஜான் நிக்கோலா மார்ஜோலின் 1828-இல், நெடுநாள் ஆறாத புண்களின்மேல் மருப்போன்ற வளர்ச்சி எழுவதை எழுதிவைத்தார். அது புற்றுநோய் என்று அவர் அறியவில்லை, பின்வந்தவர்களே அறிந்தார்கள். இருந்தும் அவ்வகைப் புண் இன்றுவரை அவர் பெயராலேயே வழங்கிவருகிறது. சிறு பிராயத்தில் அடுப்பில் விழுந்தோ, கொதிக்கும் உலை கவிழ்ந்தோ வெந்துபோன காலில், இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, இறுகிப்போன வடு முழங்கால் மடிப்பில் வெடிக்கிறது, ஆறுகிறது, மீண்டும் வெடிக்கிறது. ஓயாமல் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய கட்டாயத்தில் அங்குள்ள அணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன; அப்பெருக்கத்தில் என்றோ ஒரு நாள் ஓர் அணு கட்டுக்கு அடங்காமல் போகிறது.

அந்த நாளை நீங்கள் எப்படி அறிவது? பல காலமாக ஒரே நிலையில் கிடந்த புண், தகுந்த காரணமின்றித் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளும். சரிந்து தணிந்திருந்த ஓரம் தடித்து வெளிப்புறமாகக் கவிழும். அடிப்பகுதியில் காலிபிளவர் பூப்போல் சதை பொங்கி எழும். துணி பட்டாலே ரத்தம் கசியும். கட்டை அவிழ்த்ததும் முன்பில்லாத ஒரு துர்நாற்றம் வீசும், கழுவிய பின்னும் அது போகாது. வலியே இல்லாதிருந்த இடத்தில் வலி தோன்றும். தொடைச் சந்திலோ அக்குளிலோ நெறி கட்டியிருக்கும். நெறி சீழினாலும் கட்டலாம் என்பது உண்மை. ஆனால் சீழ் அடங்கிய பின்னும் வற்றாமல் கல்லாக இறுகி நிற்கும் நெறியைச் சீழின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. சதை பொங்கி எழுவதைக் கண்டு, ‘புண் ஆறிச் சதை வளர்கிறது’ என்று வீட்டார் சந்தோஷப்படுவதுதான் இதில் மிகப் பரிதாபமான விஷயம். ஆறும் சதை சமமாகவும் ஈரமாகவும் மெல்ல நிரம்பி, ஓரத்துத் தோல் அதன்மேல் வந்து மூடும். பொங்கும் சதையோ ஓரத்தையும் தாண்டி நிற்கும், தோல் அதை மூட வராது.

தொழுநோய்ப் புண்களைப்பற்றி இங்கே தனியாக ஒரு வார்த்தை. உள்ளங்காலில் குழி விழுவது கிருமி நேரடியாகச் சதையைத் தின்பதாலன்று, உணர்ச்சி அற்றுப்போன பாதத்தில் முள்ளும் கல்லும் ஓயாத அழுத்தமும் உண்டாக்கும் காயங்களினால்தான் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் பல்லாண்டு பாடுபட்டு எடுத்துக் காட்டினார். மென்மையான ரப்பர் அடியுள்ள செருப்பு இன்று தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் கிடைப்பதில் அவ்வுழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நோய் குணமாகிப் பல காலம் சென்ற பின்னும் அந்தக் குழிப்புண் திறந்தே இருக்குமானால், அதன் ஓரத்திலும் இந்தப் புற்று பிறக்கலாம். வலி என்ற எச்சரிக்கை மணி அறுந்துபோன பாதம் அது. ஆகையால் நோயாளி சொல்லி நீங்கள் அறியப்போவதில்லை, நீங்கள் பார்த்துத்தான் அவர் அறிய வேண்டும்.

வழக்கத்தினால் வரும் புற்றும் உண்டு. காஷ்மீரத்தில் குளிர்காலத்தில் கனல் நிறைந்த காங்கிரி என்னும் சிறு சட்டியை மேலங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு வருஷக்கணக்கில் பட்ட வயிற்றிலும் தொடையிலும் தோல் வலைபோல் கறுத்துப் பின்னர் புற்றாவதை ஸ்ரீநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் எர்னஸ்ட் நெவ் போன்றோர் கண்டு எழுதினார்கள். பம்பாயில் டாக்டர் கனோல்கர் 1945-இல், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றை விவரித்தார். பின்னாளில் புடவை உடுத்தும் பெண்களிடமும் அதே போன்றது காணப்பட்டது. 2024-இல்கூட மகாராஷ்டிரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இவ்வாறான இரு மூதாட்டிகளின் வரலாறு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. காரணம் புடவையன்று, உள்பாவாடையின் நாடா. மெல்லிய நாடா வியர்வையோடு சேர்ந்து நாளெல்லாம் ஒரே தடத்தில் அழுத்தி உராய, முதலில் தோல் கறுக்கிறது, பின்பு செதில் உதிர்கிறது, பின்பு புண்ணாகிறது, அபூர்வமாகச் சிலருக்கு அந்தப் புண் புற்றாகிறது. அபூர்வம் என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். இதைப் படித்துவிட்டு ஊர்ப் பெண்களை அச்சுறுத்த வேண்டாம். அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள்ளவும், சற்றுத் தளர்த்திக் கட்டவும், நாடாவின் இடத்தை நாளுக்கு நாள் மேலும் கீழுமாக மாற்றவும் சொன்னால் போதும். ஒரு மூதாட்டி தன் இடுப்பின் கறுத்த தடத்தை ஆண் வைத்தியருக்குக் காட்டமாட்டாள், உங்களுக்குக் காட்டுவாள். ஆண்கள் எழுதிய பல மருத்துவ நூல்கள் இத்தகைய இடங்களில் மௌனமாக இருப்பதன் காரணமும் அதுவாகவே இருக்கக்கூடும்.

மூன்றாவதான மெலனோமாவே இவற்றுள் மிகக் கொடியது. அளவில் சிறியதாக இருக்கும்போதே நெறிக்கட்டுகளுக்கும் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் குடிபெயரக்கூடியது. 1970-இல் அமெரிக்க மருத்துவர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ, இப்புற்று தோலில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் கணிக்கலாம் என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கும்போது வெட்டி எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் நிலைமை மிகவும் கவலைக்கிடமாகிறது. இடையில் இருப்பது மூன்று மில்லிமீட்டர். வேறெந்த நோயிலும் இத்தனை சிறிய அளவு இத்தனை பெரிய வித்தியாசத்தைச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

மச்சங்களைப் பரிசோதிப்பதற்காக நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985-இல் ஆங்கில அரிச்சுவடியின் முதல் நான்கு எழுத்துக்களை வைத்து ஒரு நினைவுச் சூத்திரம் வகுத்தார்கள்: ஒரு பாதி மறு பாதியை ஒத்திராமை, ஓரம் கந்தலாக இருத்தல், ஒரே மச்சத்தில் பல நிறங்கள், பென்சில் நுனியிலுள்ள ரப்பரின் அகலமாகிய ஆறு மில்லிமீட்டரை மிஞ்சுதல். ஐந்தாவதாக ‘மாறிவருதல்’ என்பது பின்னர் சேர்க்கப்பட்டது. என்னைக் கேட்டால் அதையே முதலாவதாக வைத்திருப்பேன். இச்சூத்திரம் நல்லதே; ஆனால் வெள்ளையர் முதுகுக்காக வகுக்கப்பட்ட அதை அப்படியே நம்மவர் பாதத்துக்குக் கொண்டுவந்தால் போதாது. நம்மிடையே மெலனோமா வருமாயின் பெரும்பாலும் உள்ளங்காலிலோ, குதிகாலிலோ, உள்ளங்கையிலோ, நகத்தின் அடியிலோதான் வருகிறது. வெயிலுக்கும் இந்த வகைக்கும் சம்பந்தமில்லை. ஆரம்பத்தில் அது மேடின்றி, பழுப்பும் கறுப்பும் கலந்த, மை சிந்தியது போன்ற ஒரு கறையாக மெல்லப் படர்கிறது. கால் கழுவினால் போகாத கறை. மாதங்கள் சென்ற பின் அதன் ஒரு பகுதி தடித்துப் புடைக்கிறது, அல்லது வெடித்துப் புண்ணாகிறது. கறுத்த தேகமுடையோரின் உள்ளங்காலில் மங்கலான சில பழுப்புப் புள்ளிகள் இருப்பது சகஜம். பல புள்ளிகள் ஒத்த நிறத்தில், பல வருஷமாக ஒரே அளவில் இருக்குமானால் கவலை இல்லை. மற்றவற்றோடு சேராமல் தனித்து நிற்பதும், வயதான பின் புதிதாகத் தோன்றியதும், வளர்ந்துவருவதுமே விசாரிக்கத்தக்கவை. காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றும் யோகம் என்று நம் மச்ச சாஸ்திரிகள் சொல்லக்கூடும். சுற்ற வேண்டிய முதல் ஊர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கும் ஊராக இருக்கட்டும்.

பாதத்து மெலனோமாவின் பெருந்துணை, அது போட்டுக்கொள்ளும் வேஷங்கள். ஆணிக்கால் என்று சொல்லி அதைப் பிளேடினால் சீவுகிறார்கள்; மருந்துக் கடையில் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டிக் கரைக்கப் பார்க்கிறார்கள்; முள் குத்தி உள்ளே தங்கிய இடம் என்று ஊசியால் கிளறுகிறார்கள்; சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுக் கட்டுகிறார்கள். எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில, கருமையின் சாயலே இன்றி, பச்சை மாமிசத்துண்டு போல் இருக்கும். ஆணிக்கால் பொதுவாக எலும்பு துருத்தும் இடத்தில், செருப்பு அழுத்தும் இடத்தில் வரும். அழுத்தம் விலகினால் குறையும். சீவினால் உள்ளே தெளிந்த கடினத் தோல் தெரியும். அழுத்தமே படாத இடத்தில் எழுந்த ‘ஆணி’, சீவும்போதெல்லாம் ரத்தம் வடியும் ‘ஆணி’, இரண்டு மாதம் மருந்து போட்டும் மாறாத ‘ஆணி’ ஆகியவற்றை ஆணி என்று அழைப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் அனுப்புங்கள்.

நகத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. லண்டன் வைத்தியர் ஜோனதன் ஹட்சின்ஸன், நகச்சுற்று என்று எண்ணிச் சிகிச்சை செய்யப்பட்ட விரல்களில் சில உண்மையில் மெலனோமாவே என்பதை 1886-இல் எடுத்தெழுதினார். நகத்தின் கருமை நகத்தைத் தாண்டி அடித்தோலிலும் ஓரத்தோலிலும் கசிந்து படருவதை இன்றும் அவர் பெயரிட்டே அழைக்கிறோம். நம்மவர் நகங்களில் நீளவாக்கில் கறுத்த கோடுகள் ஓடுவது மிகச் சாதாரணம். பல விரல்களில் மெல்லிய கோடுகள் இருந்தால் அது நம் நிறத்தின் இயல்பு, அவ்வளவே. ஒரே ஒரு விரலில், அதிலும் கட்டை விரலிலோ கால் பெருவிரலிலோ, நடுவயதுக்குமேல் புதிதாக ஒரு கோடு தோன்றி, அது மூன்று மில்லிமீட்டருக்குமேல் அகன்று, அடிப்பக்கம் பருத்தும் நுனிப்பக்கம் மெலிந்தும் நிறம் திட்டுத் திட்டாகவும் இருந்து, நகம் பிளந்தோ தோலில் கருமை படர்ந்தோ காணுமானால் தாமதிக்கலாகாது. கல்லில் இடித்துக்கொண்டதனால் ரத்தம் கட்டிய நகமும் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ரத்தக் கட்டு நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து, அடியில் வெள்ளை நகம் முளைத்துவரும். கைநகம் முழுவதும் மாற ஏறக்குறைய ஆறு மாதம், கால் பெருவிரல் நகத்துக்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. அத்தனை காலம் காத்திருக்கச் சொல்லவில்லை. அடிநகத்தின் எல்லையில் ஒரு சிறு கோடு கீறி வைத்து, ஒரு மாதம் கழித்துக் கறுப்பும் கீறலும் சேர்ந்து நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கீறல் நகர்ந்து கறுப்பு அடியோடு ஒட்டியே நின்றால் அது ரத்தக் கட்டு அன்று.

ஜமைக்கா நாட்டு இசைவாணர் பாப் மார்லியை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். 1977-இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இந்நோய் கண்டறியப்பட்டது. அதற்குமுன் அது கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயமென்றே கருதப்பட்டிருந்தது. விரலை எடுத்துவிடும்படி வைத்தியர்கள் கூறியதை அவர் தம் சமய நம்பிக்கையின் பொருட்டு ஏற்கவில்லை. நகத்தையும் அடிச்சதையையும் மட்டும் அகற்றித் தோல் ஒட்டவைத்துக்கொண்டார். 1981 மே 11 அன்று, மூளைக்கும் பரவிய நோயினால், முப்பத்தாறாவது வயதில் மயாமி நகரில் காலமானார். பணமும் புகழும் உலகத்தின் எந்த ஆஸ்பத்திரிக்கும் செல்லும் வசதியும் இருந்தவர்.

இரு வகைக் குழந்தைகளையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறவியிலேயே மெலனின் இன்றி, முடியும் தோலும் வெளுத்து, வெயிலில் கண் கூசும் குழந்தைகளுக்கு நம் நிறம் தரும் கவசம் கிடையாது. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழலுமே அவர்களுக்கு மருந்து. இவர்களை வெண்படை உடையவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவேண்டாம். மற்றொன்று, வெயில் பட்டால் சிதையும் மரபுப் பொருளைச் செப்பனிடும் சக்தி பிறவியிலேயே குன்றிய வியாதி. அது எவ்வாறு குன்றுகிறது என்பதை 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் விளக்கினார். இரண்டு மூன்று வயதிலேயே முகத்தில் கரும்புள்ளிகள் தூவியது போல் நிறைந்து, கண்கள் கூசி, பள்ளி செல்லும் பிராயத்திலேயே புற்று எழும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணந்துகொள்ளும் நம் குடும்பங்களில் இத்தகைய பரம்பரை வியாதிகளுக்கு இடம் அதிகம் என்பதை, எவர் மனமும் நோகாமல் எடுத்துரைக்க வேண்டிய பொறுப்பும் உங்கள் தோளிலேயே விழுகிறது.

‘கத்தி பட்டால் புற்று பரவிவிடும்’ என்ற பேச்சு உங்கள் காதில் விழாத நாள் இராது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கிய காலத்தில் அந்நோய் என்றாலே மரணம் என்று ஜனங்கள் நம்பினார்கள். மரணத்தைப்பற்றிய நம்பிக்கை ஓரளவு தளர்ந்திருக்கிறது, கத்தியைப்பற்றியது தளரவில்லை. முற்றிய நிலையில் வந்து, ரண சிகிச்சைக்குப் பின் இறந்தவர்களைக் கண்டு கத்தியின்மேல் பழி போட்டிருக்கிறார்கள். பரவியது முன்பே, தெரிந்தது பின்பு. சந்தேகத்துக்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதாகிய பயாப்ஸி இன்றி எந்த வைத்தியரும் நிச்சயமாகச் சொல்ல இயலாது. பெரிய புண்ணானால் ஓரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் எடுப்பார்கள்; சந்தேகமான மச்சமானால் முடிந்தவரை முழுவதையும் எடுப்பார்கள். உண்மையில் அஞ்சவேண்டியது பொசுக்குவதற்கு. சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து மச்சத்தின்மேல் வைப்பதும், மருவைக் குதிரை மயிரால் கட்டி அறுப்பதும், அழகு நிலையத்தில் மின்சாரம் வைத்துக் கருக்குவதும் மேலே தெரிவதை அழித்து, அடியில் இருப்பதை அப்படியே விட்டுவிடுகின்றன. பரிசோதிக்க ஒரு துணுக்கும் மிஞ்சுவதில்லை. எவர் எடுத்தாலும், எதை எடுத்தாலும், எடுத்ததை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினீர்களா என்று கேட்கும்படி ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இனி உங்கள் நோட்டுப்புத்தகத்துக்கு வருகிறேன். ‘புண் அப்படியே இருக்கிறது’ என்று எழுதுவதால் பயனில்லை. நீளம் அகலம் இரண்டையும் அளந்து தேதியோடு குறியுங்கள். தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுத்தம் செய்து புண்ணின்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்ளலாம்; நோயாளியின் சம்மதத்தோடு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளலாம். முறையாகக் கட்டுக் கட்டியும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தியும், பாதத்தின்மேல் பாரம் ஏறாமல் பார்த்துக்கொண்டும் மூன்று மாதத்தில் ஆறத் தொடங்காத புண்ணுக்குப் பயாப்ஸி தேவையா என்று வைத்தியரைக் கேளுங்கள். மேலே சொன்ன மாறுதல்களில் ஒன்று தெரிந்தாலோ, மூன்று மாதமும் பொறுக்க வேண்டாம். புண் உள்ள காலை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல் மற்றக் காலையும், விரலிடுக்குகளையும், பத்து நகங்களையும் ஒரு முறை பாருங்கள். அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிஷம்.

பரிந்துரைச் சீட்டில் ‘கால்புண்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘இருபது ஆண்டுத் தீப்புண் வடு, இரண்டு மாதமாக ஓரம் தடித்திருக்கிறது, தொட்டால் ரத்தம், தொடைச் சந்தில் நெறி, பயாப்ஸி வேண்டப்படுகிறது’ என்று எழுதுங்கள். அந்தச் சில சொற்கள் வெளிநோயாளர் அறையில் அவரைச் செருப்பைக் கழற்ற வைக்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் உடன் எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஆய்வில் வெறும் ஆணிக்கால் என்றே விடை வந்தால் அதற்காக எவரும் உங்களைக் கேலி செய்ய இடங் கொடாதீர்கள். அப்படிப் பல ஆணிக்கால்களை அனுப்பினால்தான் ஒரு மெலனோமா காலத்தில் அகப்படும். சீட்டைக் கொடுத்த அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போகும்போது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேளுங்கள். போகவில்லையென்றால் திட்டவேண்டாம், பஸ்ஸுக்குக் காசு இல்லையா, துணைக்கு ஆள் இல்லையா, ஒரு நாள் கூலி போய்விடும் என்ற தயக்கமா, பயமா என்று விசாரித்து, எது தடையோ அதை அகற்ற என்ன செய்யலாம் என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து வாருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற தோல் வைத்தியன்